கிரேக்க வெள்ளிக் காசுகள் எத்தனை அடிக்கப்பட்டன? அச்சுகளைக் கொண்டு கணிப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஞ்சியிருக்கும் அச்சுகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்றால், பழைய கிரேக்க அச்சுகள் இன்னும் கையில் இருக்கின்றனவா?

இல்லை என்றே சொல்லலாம். (அச்சு என்பது காசில் பதிய வேண்டிய உருவத்தைக் குழிவாகச் செதுக்கிய உலோகக் கட்டை.) எகிப்தின் தெல் அத்ரிப்பில் கிடைத்த, ஏதென்ஸின் ஆந்தைக் காசுக்குரிய (முன்புறம் அதீனா தேவியின் தலை, பின்புறம் ஆந்தை) அச்சைப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில உண்டு. ஆனால் அவற்றை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது. உழைத்துத் தேய்ந்த அச்சு உருக்கப்பட்டிருக்கும். தேயாத அச்சு பொய்க்காசு அடிப்பவர் கைக்குப் போய்விடாதபடி பூட்டிவைக்கப்பட்டிருக்கும். பெலொப்பொனேசியப் போரின் கடைசி ஆண்டுகளில், கி.மு. 407/6இல், ஏதென்ஸ் தன் வெற்றித் தேவதையின் பொற்சிலைகளை உருக்கிப் பொற்காசு அடித்தது. அந்தக் காசுகளை அடிக்கப் பயன்பட்ட அச்சுகளும் சுத்தியல்களும் பட்டடைகளும் கோயில் கருவூலத்தில் வைக்கப்பட்டிருந்ததைப் பின்னர் வந்த கல்வெட்டுப் பட்டியல்கள் குறிப்பிடுகின்றன.

ஆகவே எண்ணப்படுவது அச்சு அல்ல, காசின்மேல் அச்சு விட்டுச்சென்ற பதிவு. மணலில் கிடக்கும் காலடித் தடங்களைப் பார்த்து எத்தனை பேர் நடந்துபோனார்கள் என்று சொல்வதற்கு ஒப்பான வேலை இது.

காசு எவ்வாறு அடிக்கப்பட்டது?

ஒரு அச்சைப் பட்டடையில் பதித்து அசையாமல் நிறுத்துவார்கள். எடை சரிபார்த்த வெள்ளி வில்லையை அதன்மேல் வைப்பார்கள். இன்னொரு அச்சு செதுக்கிய தண்டை வில்லையின்மேல் நிறுத்திப் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். கீழே இருப்பது முன்புறத்தையும், கையில் பிடித்திருப்பது பின்புறத்தையும் பதிக்கும். ஒவ்வோர் அச்சும் கையால் செதுக்கப்பட்டது என்பதால், ஒரே செதுக்குநர் ஒரே உருவத்தை நூறு முறை செதுக்கினாலும் நூறும் நூறு விதமாகவே இருக்கும். இந்த ஆய்வு முழுவதும் அந்த ஒரு உண்மையின்மேல்தான் நிற்கிறது.

இரண்டு காசுகள் ஒரே அச்சிலிருந்து வந்தவை என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடிகிறது?

அழகைப் பார்ப்பதில்லை, இடைவெளிகளைப் பார்க்கிறார்கள். ஆந்தைக் காசை எடுத்துக்கொண்டால், அதீனா தேவியின் தலைக்கவசத்தில் இருக்கும் ஒலிவ இலைகளில் முன் இலையின் நுனி எந்த இடத்தில் முடிகிறது, காதணியின் வட்டத்துக்கும் தாடைக்கோட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், நெற்றியில் விழும் முடிச்சுருளின் கடைசி வளைவு புருவத்துக்கு நேர் மேலே வருகிறதா, சற்றுப் பின்னே வருகிறதா என்று பார்ப்பார்கள். காசு ஓரமாக அடிபட்டிருந்தாலும், தேய்ந்திருந்தாலும், ஒன்று அழுத்தமாகவும் மற்றது இலேசாகவும் பதிந்திருந்தாலும் இந்த உறவுகள் மாறுவதில்லை. முன்பு காசுகளின் சாந்துப் பிரதிகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஒப்பிட்டார்கள். இப்போது நிழற்படங்களைக் கணினி முதலில் குவியல் குவியலாகப் பிரித்துத் தருகிறது. ஆனாலும் கடைசித் தீர்ப்பு கண்ணுடையதே.

இதில் மிகச் சுவையானது அச்சின் விரிசல். புதிய அச்சில் அடித்த காசில் தேவியின் மூக்கு நுனிக்கு முன்னால் வெறும் வெளி இருக்கும். அடுத்து அடித்த ஒன்றில் அதே இடத்தில் மயிரிழை போன்ற ஒரு மேடு எழும்பியிருக்கும், ஏனெனில் அச்சில் விழுந்த பிளவுக்குள் வெள்ளி ஏறிவிட்டது. இன்னொன்றில் அந்த மேடு தடித்து உதட்டைத் தொட்டிருக்கும். இப்படி வரிசைப்படுத்தினால் எந்தக் காசு முன்னே, எது பின்னே என்பதும் தெரிந்துவிடுகிறது. அதோடு, ஒரே முன்புற அச்சு இரண்டு வெவ்வேறு பின்புற அச்சுகளோடு சேர்ந்திருப்பதைக் கண்டால் அந்த இரண்டு பின்புறங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்றாகும். அவ்வாறு கண்ணி கண்ணியாகக் கோத்து, ஆண்டு எதுவும் பொறிக்கப்படாத காசுகளுக்கும் ஒரு கால வரிசை கிடைக்கிறது.

பின்புற அச்சுகளை விட்டுவிட்டு முன்புற அச்சுகளையே ஏன் எண்ணுகிறார்கள்?

சுத்தியலடி நேரடியாக விழுந்தது பின்புற அச்சின் தலையில். ஆகவே அது விரைவில் உடைந்தது. பட்டடைக்குள் பதிந்திருந்த முன்புற அச்சுக்குப் பட்டடையின் பாதுகாப்பு இருந்ததால் கூடுதலாக உழைத்தது, ஏறத்தாழ முழுத் தேய்மானம் வரை பயன்பட்டது. மேலும் பல நகரங்களில் அதிகாரியின் பெயரும் மாதக்குறியும் பின்புறத்திலேயே இருந்தன. அதிகாரி மாறினால் நல்ல நிலையில் உள்ள பின்புற அச்சையும் ஒதுக்கியிருப்பார்கள். ஏதென்ஸில் பின்னாளில் அடிக்கப்பட்ட புதுப்பாணி ஆந்தைக் காசுகளில் ஆந்தை நிற்கும் சாடியின்மேல் மாத எழுத்து உண்டு. அங்கே பின்புற அச்சுகளின் எண்ணிக்கை வெள்ளியின் அளவைவிட நாட்காட்டியையே அதிகம் காட்டும்.

நம் கைக்கு எந்தக் காசும் வராத அச்சுகளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

கடினமான கேள்வி இதுதான். எண்களோடு பார்ப்பதே எளிது. பின்வருவது விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட கணக்கு, எந்த நகரத்தினுடையதும் அன்று.

ஒரு வெளியீட்டில், அதாவது ஒரு நகரம் ஒரு காலத்தில் அடித்த ஒரே வகைக் காசுகளில், 120 காசுகள் உலகெங்கும் உள்ள சேகரிப்புகளிலிருந்து திரட்டப்பட்டுள்ளன என்று கொள்வோம். ஒப்பிட்டுப் பார்த்ததில் 40 முன்புற அச்சுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் 13 அச்சுகளுக்கு ஒரே ஒரு காசு மட்டுமே கிடைத்திருக்கிறது. இவற்றை ஒற்றைகள் என்போம். ஒற்றைகள் மிகுதியாக இருந்தால் இன்னும் பார்க்காத அச்சுகள் பல இருக்கின்றன என்று பொருள்; ஒற்றைகளே இல்லையென்றால் ஏறத்தாழ எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று பொருள். ஒரு புதிய ஊரின் தேநீர்க் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கும் ஒருவர், தினமும் வருகிறவர் எத்தனை பேர், ஒரே தடவை வந்து போனவர் எத்தனை பேர் என்று பார்த்து ஊரின் அளவை ஊகிப்பதைப் போன்றது இது.

இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பூங்காவில் ஆலன் டியூரிங்குடன் மறைகுறி உடைக்கும் பணியில் இருந்த ஐ. ஜே. குட், 1953இல் இதற்கு ஒரு நேர்த்தியான விதியை வெளியிட்டார். அதன் மூலக் கருத்து டியூரிங்குடையது. அதை நம் தேவைக்கு ஏற்பச் சொன்னால் இவ்வளவுதான்: ஒற்றைகளின் எண்ணிக்கையை மொத்தக் காசுகளால் வகுத்து, அதை ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். 13ஐ 120ஆல் வகுத்தால் சுமார் 11 விழுக்காடு. ஆகவே அந்த வெளியீட்டில் அடிக்கப்பட்ட காசுகளில் ஏறத்தாழ 89 விழுக்காடு நமக்குத் தெரிந்த 40 அச்சுகளிலிருந்தே வந்தவை. இந்த விடைக்கு அச்சுகளின் ஆயுள் பற்றி எந்த ஊகமும் தேவையில்லை. இந்தத் துறையில் உள்ள எல்லா எண்களிலும் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

அப்படியானால் மொத்த அச்சுகள் எத்தனை?

இங்கே ஊகம் உள்ளே வருகிறது. எல்லா அச்சுகளும் ஒரே அளவு காசு அடித்தன என்று கொண்டால், மேற்கண்ட எண்களிலிருந்து மொத்தம் சுமார் 43 அச்சுகள் என்ற விடை வரும். வேதியியலாளரான கைல்ஸ் கார்ட்டர் 1980களில், அச்சுகளின் ஆயுள் ஓரளவு வேறுபடும் என்று வைத்து எளிய சூத்திரம் ஒன்றைத் தந்தார். அதன்படி 50ஐ ஒட்டிய ஓர் எண் கிடைக்கும். அமெரிக்கக் கணிதவியலாளர் வாரன் எஸ்டி பிற்காலத்தில் பரிந்துரைத்த வடிவம், அச்சுகளின் ஆயுள் மிகவும் ஏறுமாறானது என்று கொள்கிறது. அடிக்கத் தொடங்கிய அன்றே உடைந்த அச்சும் உண்டு, நெடுநாள் உழைத்த அச்சும் உண்டு என்பது அதன் அடிப்படை. சூத்திரம் மிக எளிது: காசுகளின் எண்ணிக்கையையும் அச்சுகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, அவற்றின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும். 120ஐ 40ஆல் பெருக்கி 80ஆல் வகுத்தால் 60.

ஒரே தரவுக்கு 43, 50, 60 என்று மூன்று விடைகள் வருவதைப் பார்த்து முகம் சுளிக்கத் தேவையில்லை. அறுபது என்னும் விடையில் நாம் பார்க்காத அச்சுகள் இருபது. அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அந்த இருபதும் சேர்ந்து அடித்தது மொத்தக் காசுகளில் 11 விழுக்காடு மட்டுமே, ஏனெனில் நம் கண்ணுக்குத் தப்பியவை பெரும்பாலும் அற்பாயுளில் போன அச்சுகள். காசின் அளவைத்தான் அறிய வேண்டும் என்றால், அற்பாயுள் அச்சுகள் இருபதா மூன்றா என்ற வழக்கு அத்தனை முக்கியமன்று. அச்சு எண்ணிக்கையை ஒரு சராசரியால் பெருக்கும்போதுதான் அது வினையாகிறது: 60ஐ ஒரு சூத்திரத்திலிருந்து எடுத்து, நீண்ட ஆயுள் கொண்ட அச்சுகளுக்குரிய சராசரியால் பெருக்கினால் விடை வீங்கிவிடும்.

மாதிரி எப்போது நம்மை ஏமாற்றுகிறது?

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுவதும் ஒரே தீயில் வெந்ததால்தான் பொருந்துகிறது. காசுகள் அப்படிக் கலந்து கிடப்பதில்லை. காசு அடிக்கும் இடமான அக்கசாலையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த மூட்டை ஒன்று அப்படியே புதைக்கப்பட்டிருந்தால், அதில் நூறு காசுகள் இருந்தாலும் நான்கைந்து அச்சுகளே இருக்கும். அதை அப்படியே மாதிரியில் கொட்டினால் அச்சுகள் குறைவு என்ற பொய்த்தோற்றம் வரும். துருக்கியின் எல்மாலிக்கு அருகே 1984இல் வெளிப்பட்ட புதையலில் ஏறத்தாழ 1,900 வெள்ளிக் காசுகள் இருந்தன. ஏதென்ஸின் மிக அரிய பத்து டிராக்மாக் காசுகளும் (டிராக்மா கிரேக்கப் பண அலகு) பத்துக்கு மேல் அதில் இருந்தன. கடத்தப்பட்ட அந்தப் புதையலின் பெரும்பகுதி 1999இல் துருக்கிக்குத் திரும்பியது. ஒரே மண்வெட்டிக் குத்தில் ஒரு காசு வகையின் புள்ளிவிவரமே மாறிவிடக்கூடும் என்பதால், புதையல்களைத் தனியே எண்ணி, சிதறிக் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

இன்னொரு தொல்லை ஏலப் பட்டியல்கள். ஒரே காசு இருபது ஆண்டு இடைவெளியில் மூன்று ஏலங்களுக்கு வரும். இடையில் யாரேனும் அதைச் சுத்தம் செய்திருப்பார்கள், படத்தின் ஒளியும் மாறியிருக்கும். கவனிக்காமல் மூன்றாக எண்ணிவிட்டால் காசுகள் கூடும், அச்சுகள் கூடாது. நம் எடுத்துக்காட்டில் 15 காசுகள் இப்படி இரட்டை எண்ணிக்கையாக இருந்து உண்மையில் 105 மட்டுமே என்றால், எஸ்டியின் விடை 60இலிருந்து 65 ஆக உயர்கிறது. உண்மைக் காசிலிருந்து வார்த்தெடுத்த போலிகளும் இதே கேட்டைச் செய்கின்றன.

ஏதென்ஸின் ஆந்தைக் காசுகளுக்கு முழுமையான அச்சுக் கணக்கு ஏன் இல்லை?

அளவு கடந்து அடித்ததால். ஏதென்ஸுக்குரிய லாரியோன் சுரங்கங்களின் வெள்ளியில் பெரும்பகுதி கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அந்தக் காசுகளாகவே வெளியேறியது. அச்சுகள் பெருகிவிட்டால், திரட்டிய காசுகளில் பெரும்பாலானவை ஒற்றைகளாகவே இருக்கும். அப்போது சூத்திரம் தடுமாறுகிறது. 100 காசுகளில் 95 அச்சுகள் என்றால் விடை 1,900. இரண்டு காசுகளை ஒரே அச்சு என்று தவறாகக் கருதி 94 என்று எண்ணியிருந்தால் விடை சுமார் 1,570; ஓர் இணையைத் தவறவிட்டு 96 என்றிருந்தால் 2,400. ஒரு ஆய்வாளரின் கண் ஒரு முறை சோர்ந்தால் ஐந்நூறு அச்சு பிறக்கிறது. ஒவ்வோர் அச்சுக்கும் சராசரியாக மூன்று காசுகளாவது கிடைக்கும்வரை பொறுத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஓர் அச்சு எத்தனை காசுகளை அடித்தது?

இதற்கு நேரான கிரேக்கச் சான்று ஒன்றே ஒன்றுதான்; அது தெல்பியிலிருந்து வருகிறது. மூன்றாம் புனிதப் போரில், தெல்பியின் அண்டைப் பகுதியினரான போக்கிய மக்கள் அங்கிருந்த அப்பொல்லோ கோயிலின் செல்வத்தை எடுத்துச் செலவழித்தார்கள். கி.மு. 346இல் தோற்ற பிறகு அதைத் தவணை முறையில் திருப்பிக் கட்டும்படி விதிக்கப்பட்டது. பல நகரங்களின் காசுகளாக வந்து சேர்ந்த அந்தப் பணத்தை உருக்கிப் புதிய காசாக அடிக்க கோயிலை நிர்வகித்த ஆம்பிக்டியோன் மன்றம் கி.மு. 336/5இல் முடிவு செய்தது. தெமெத்தர் தேவியின் தலையும் கல்மேல் அமர்ந்த அப்பொல்லோவும் கொண்ட அழகிய காசுகள் அவை. கோயில் கணக்கு கல்லில் வெட்டப்பட்டிருப்பதால் வெள்ளியின் அளவு தெரியும். காசுகள் எஞ்சியிருப்பதால் அச்சுகளின் எண்ணிக்கையும் தெரியும். காசு ஆய்வாளர் பிலிப் கின்ஸ் 1983இல் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, ஒரு முன்புற அச்சுக்குச் சுமார் 23,000 முதல் 47,000 வரை என்று கணித்தார்.

இந்த இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் கணித்தவரின் குறை அன்று. குறித்த வெள்ளி முழுவதும் காசானதா, அதில் பெரிய காசு எவ்வளவு, சில்லறை எவ்வளவு என்பதைக் கல்வெட்டு முழுமையாகச் சொல்லவில்லை. அதைப் படிக்கும் விதத்தை மாற்றினால் எண்ணும் மாறும். இதைவிடக் குறைந்த எண்களுக்கு வந்தவர்களும் உண்டு.

மறுபுறம், காசு ஆய்வாளர் டேவிட் செல்வுட் 1960களின் தொடக்கத்தில் தாமே அச்சு செய்து, தாமே சுத்தியல் பிடித்துச் சோதனை நடத்தினார். முன்புற அச்சு 10,000 முதல் 16,000 காசு வரை தாங்கும் என்று கண்டார். சோதனைக்கூட அச்சு, அனுபவமிக்க கிரேக்கக் கம்மியரின் அச்சுக்கு ஈடாகுமா என்று கேட்பவர்கள் அந்த எண்ணைக் கூட்டிக்கொள்கிறார்கள். இடைக்கால இங்கிலாந்தின் அக்கசாலைக் கணக்குகளில் வெள்ளியின் எடையும் கொடுக்கப்பட்ட அச்சுகளின் எண்ணிக்கையும் சேர்ந்தே கிடைக்கின்றன. அவை காட்டுவது ஒரு நிலையான எண்ணை அன்று; ஆண்டுக்கு ஆண்டு பன்மடங்கு ஏறி இறங்கும் எண்ணை.

இதைக் கணிக்கவே முடியாது என்று சொன்னவர் உண்டல்லவா?

உண்டு. காசு ஆய்வாளர் தியோடர் பட்ரி 1993, 1994 ஆண்டுகளில் எழுதிய இரண்டு கட்டுரைகளில், பெருக்கல் வேலையே வீண் என்று வாதிட்டார். அச்சு தேய்ந்துபோகும்வரை பயன்பட்டது என்பதற்கு என்ன உறுதி, ஒரு சிறு நகரம் ஒரே வாரத் தேவைக்கு அச்சு வெட்டி இரண்டாயிரம் காசு அடித்துவிட்டு நிறுத்தியிருக்கலாமே என்பது அவர் கேள்வி. பெல்ஜிய ஆய்வாளர் பிரான்சுவா தெ கல்லதாய் 1995இல் இதற்கு மறுமொழி எழுதினார்: பெரிய வெளியீடுகளில், பல அச்சுகள் சேர்ந்து வேலை செய்த இடங்களில், சராசரி என்பது பொருளற்றதாகிவிடாது, ஒரு முன்புற அச்சுக்கு 20,000 என்பதை வேலைக்குரிய எண்ணாக வைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில்.

என் தீர்ப்பைக் கேட்டால், இரண்டு மூன்று அச்சுகளே கொண்ட வெளியீடுகளுக்குப் பட்ரி சொன்னது முற்றிலும் சரி. ஐம்பது அறுபது அச்சுகள் உழைத்த இடத்தில் அவர் கொஞ்சம் கடுமை காட்டிவிட்டார்.

20,000 என்றே வைத்துக்கொண்டால், ஓர் அச்சு எவ்வளவு பணம்?

அட்டிக்க எடையில் (ஏதென்ஸின் எடை முறை) நான்கு டிராக்மாக் காசு சுமார் 17.2 கிராம். இருபதாயிரம் காசுகள் 344 கிலோ வெள்ளி, 80,000 டிராக்மா. ஒரு தாலந்துக்கு 6,000 டிராக்மா. தமிழ் விவிலியத்தில் வரும் தாலந்து இந்தப் பண அளவேதான். ஆகவே ஓர் அச்சு பதின்மூன்று தாலந்துக்குச் சற்று அதிகம்.

கிரேக்க வரலாற்றாசிரியர் துசிதிதெஸ், ஏதென்ஸின் சிசிலிப் படையெடுப்பைச் சொல்லும்போது, அறுபது கப்பல்களுக்கு ஒரு மாதச் சம்பளமாக அறுபது தாலந்து வந்தது என்கிறார். இருநூறு பேர் கொண்ட ஒரு முவ்வடுக்குத் துடுப்புக் கப்பலுக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு டிராக்மா வீதம் மாதம் ஒரு தாலந்து என்று கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்படியானால் ஒரே ஒரு முன்புற அச்சு, பதின்மூன்று கப்பல்களை ஒரு மாதம் கடலில் வைத்திருக்கும். அச்சுக்கு 10,000 என்று குறைத்தால் ஆறு கப்பல், 40,000 என்று கூட்டினால் இருபத்தாறு.

பெருக்காமலே இந்த எண்ணிக்கையால் பயன் உண்டா?

மிகுதியாக உண்டு, சொல்லப்போனால் அதுதான் இதன் சிறந்த பயன். கருங்கடல் கரையிலிருந்த பொந்துஸ் நாட்டு அரசன் ஆறாம் மித்ரிதாதெஸ் அடித்த நான்கு டிராக்மாக் காசுகள் பலவற்றில் ஆண்டும் மாதமும் பொறிக்கப்பட்டுள்ளன. தெ கல்லதாய் அவற்றின் முன்புற அச்சுகளை மாதவாரியாக அடுக்கியபோது, கி.மு. 89இல் மூண்ட உரோமைப் போரை ஒட்டி அச்சுகளின் எண்ணிக்கை எகிறுவது வெளிப்பட்டது. அரசன் படைக்கு ஆள் சேர்க்கும் வேகம் கருவூலத்தின் சுத்தியலோசையில் கேட்கிறது. ஓர் அச்சுக்குப் பத்தாயிரமா நாற்பதாயிரமா என்பது இங்கே தேவையே இல்லை, ஒரே அக்கசாலையின் ஒரு மாதத்தை அடுத்த மாதத்தோடுதான் ஒப்பிடுகிறோம். ஆனால் வேறு வேறு நகரங்களை, வேறு வேறு அளவுக் காசுகளை இப்படி ஒப்பிடும்போது எச்சரிக்கை வேண்டும். பெரிய, உயர்ந்த புடைப்புள்ள காசின் அச்சு சிறு காசின் அச்சைப் போல உழைக்காது.

அடித்த காசுகளின் எண்ணிக்கையே புழக்கத்தில் இருந்த பணமா?

அன்று. தெல்பியில் நடந்ததைப் போலப் பழைய காசே உருகிப் புதிய காசானது பல இடங்களில் வழக்கம். தெற்கு இத்தாலியின் மெத்தபோந்தியோன், கொரிந்தியக் காசுகளை உருக்காமல் அவற்றின்மேலேயே தன் சின்னமான வாற்கோதுமைக் கதிரை அடித்தது. அச்சு எண்ணிக்கை சொல்வது அக்கசாலையின் உழைப்பை. நாட்டின் செல்வத்தை அன்று.

ஒரு வெளியீட்டைப் பற்றி "இத்தனை இலட்சம் காசுகள்" என்று படித்தால் எதைப் பார்க்க வேண்டும்?

எத்தனை காசுகள், எத்தனை அச்சுகள், எத்தனை ஒற்றைகள் என்ற மூன்று எண்களும் அருகில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மேலே சொன்ன குட், எஸ்டி ஆகிய இருவரின் கணக்குகளையும் நீங்களே ஒரு தாளில் போட்டுவிடலாம். பிறகு எந்தச் சராசரியால் பெருக்கினார்கள் என்று தேடுங்கள். "12,00,000 காசுகள்" என்று ஒற்றை எண்ணாக இருந்தால், 60 அச்சுகளை 20,000ஆல் பெருக்கியிருக்கிறார்கள் என்று அறிந்துகொண்டு, அதன் இடத்தில் தெல்பியின் இரண்டு முனைகளையும் வைத்துப் பாருங்கள்: கீழே 13,80,000, மேலே 28,20,000. செல்வுட்டின் சுத்தியலை நம்பினால் 6,00,000 முதல் 9,60,000 வரை.